மூத்தவனுக்கு

அன்பு மகன்,

நாங்கள் சுகம். தங்கச்சிக்குப் பரீட்சை முடிந்தது. உன் குரலைக் கேட்டு மூன்று கிழமை. கடையில் வேலை கூட என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். போன ஞாயிறு மருமகள் வீடியோவில் பிள்ளையைத் தூக்கிக் காட்டினா. கையில் காப்பைக் காணவில்லை. அம்மா ஒன்றும் கேட்கவில்லை.

மட்டக்களப்பில் உன் கொப்பிக் கடையில் 6 கிழமையில் 6 லட்சம் விற்றாய் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மத்திய வீதியில் தெரிந்த கடைக்காரர் எல்லோரிடமும் சொன்னேன். பிறகுதான் வங்கிக்கு வருட விற்பனை 52 லட்சம் என்று எழுதிக் கொடுத்ததாகச் சொன்னாய். மகன், அவை எந்த 6 கிழமை? பாடசாலை தொடங்கிய கிழமைகள். திருகோணமலையில் நம் கடையில் வருடம் 100 ரூபாய் விற்றால் 45 ரூபாய் அதற்குள்ளேயே வந்துவிடும். விற்பனைக் கணக்கு எழுதும் சிவப்புக் கொப்பியில் நீயே கூட்டிப் பார்த்தவன். அந்தப் பங்கின்படி உன் 6 லட்சம் வருடத்துக்கு 13 லட்சம் சொச்சம்தான். அதுவும் திருகோணமலைப் பங்கு. உன் கடைக்கென்று ஒரு பங்கு வர இரண்டு மூன்று வருடமாவது எழுத வேண்டும். அதுவரை சரக்குக் கூடுதலாக எடுக்காதே.

ரூபாயில் எழுதாதே, டசினில் எழுது. 2022இல் விலை ஏறியபோது ரூபாய்க் கணக்கில் வியாபாரம் கூடியிருந்தது, தடித்த அட்டை போட்ட சீஆர் கொப்பி டசினில் குறைந்திருந்தது. மாதத்தையும் நம்பாதே. ஜனவரியில் தொடங்க வேண்டிய புது வகுப்பு 2022இல் ஏப்ரலில் தொடங்கியது, 2023இல் மார்ச் கடைசியில், 2024இல் பெப்ரவரியில். ஜனவரியை ஜனவரியோடு வைத்துப் பார்த்தால் பங்கு பிழைத்துவிடும். பாடசாலை திறந்த நாளிலிருந்து கிழமையை எண்ணு. கூட எடுக்காதே. மாமா கூட எடுத்து விற்காமல் கிடந்த பெட்டிகள் ஞாபகம் இருக்கும்தானே.

மாமாவை மட்டும் சொல்லி உன்னிடம் என்னை மறைத்துவிட்டேன். 2021 டிசம்பரில் வகுப்பு தள்ளிப்போகும் என்று எல்லோரும் சொன்னார்கள். பழைய கொப்பியில் ஜனவரிக்கு இவ்வளவு பங்கு என்று இருக்கிறது, சனம் வாங்கியே தீரும் என்று நான் கொழும்பு புறக்கோட்டை மொத்தக் கடையில் பிந்திய திகதி போட்ட செக் கொடுத்து முழுதாக எடுத்தேன். ஜனவரியில் ஆள் வரவில்லை. பெப்ரவரியில் செக்குக்காகப் பாதிச் சரக்கை இன்னொரு கடைக்கு வாங்கிய விலைக்கே தள்ளினேன். ஏப்ரலில் விலை எங்கேயோ போய்விட்டது, என் தட்டில் கொப்பி இல்லை. சரக்கைத் தள்ளியும் செக்குக்குக் காசு போதாமல் அம்மாவின் சங்கிலியை அடைவு வைத்தேன். லொக்கரில் இருக்கிறது என்று உங்கள் எல்லோருக்கும் சொன்னது பொய். அதை மீட்டு இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அந்த நாட்களில் நீ போன் எடுத்தால் நான் கோயிலுக்குப் போயிருப்பதாக அம்மா சொல்லுவா. நான் பக்கத்திலேயே இருந்தேன், மகன்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் சிவப்புக் கொப்பிகள் நான்கையும் கொடுத்து விடுகிறேன். இரவில் போன் எடு. எவ்வளவு தேவை என்று மட்டும் சொல். அம்மாவுக்குச் சங்கிலி விஷயம் தெரியும், அவ ஒன்றும் சொல்லமாட்டா.

அப்பா