ஹோல்டில் போட்டுவிட்டு நான் எங்கே போகிறேன்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் தொலைபேசி நாகரிகம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது, ஒரு வரியைத் தவிர. ‘ரிசப்ஷன் பெண் நம்மை ஹோல்டில் போட்டுவிட்டு எங்கே போகிறார் என்பது கடவுளுக்கே வெளிச்சம்.’ 17 வருடமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் நான். இதற்குப் போய்க் கடவுளைத் தொந்தரவு செய்ய வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கும் போவதில்லை. நீங்கள் கேட்ட அதிகாரியின் எக்ஸ்டென்ஷனுக்கு அடிக்கிறேன். யாரும் எடுப்பதில்லை. பக்கத்து மேஜைக்கு அடித்தால், ‘இப்பத்தான் எழுந்து போனார்’ என்கிறார்கள். அதற்குள் இரண்டாவது லைன் அடிக்கிறது. எதிரே கூரியர்க்காரர் கையெழுத்துக்கு நிற்கிறார். ஒருவழியாக அதிகாரி கிடைத்ததும், ‘யார் பேசறது?’ என்கிறார். நீங்கள்தான் பெயரே சொல்லவில்லையே. திரும்பி வந்து கேட்டால், ‘நான்தான்னு சொல்லும்மா, அவருக்குத் தெரியும்.’ போய்ச் சொன்னால், ‘எந்த நான்?’ இப்படி இரண்டு நடை நடந்த பிறகு அவர் சொல்வார்: ‘மீட்டிங்ல இருக்கேன்னு சொல்லிடு.’

அந்தப் பொய்யை நான் சொல்ல வேண்டும். சாயங்காலம் நீங்கள் அவரைச் செல்போனில் பிடித்து, ‘உங்க ரிசப்ஷன்ல பொய் சொல்றாங்க சார்’ என்று அவரிடமே புகார் செய்வீர்கள். ‘அப்படியா, கேட்கிறேன்’ என்பார் அவரும். கேட்டும் இருக்கிறார், ஐயா. என்னைக் கூப்பிட்டு, முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு கேட்டார்.

கட்டுரையாளர் கிரகாம் பெல் 1876-இல் காப்புரிமை வாங்கியதிலிருந்து ஆரம்பிக்கிறார். போனை எடுத்ததும் ‘அஹாய்’ என்று சொல்ல வேண்டும் என்பது பெல்லின் ஆசை, ‘ஹலோ’வை முன்வைத்தவர் எடிசன் என்றெல்லாம் எழுதியிருக்கிறார். சரி. இன்னும் இரண்டே வருடம் தள்ளி 1878-க்கும் வந்திருக்கலாம். பாஸ்டனில் தொலைபேசி இணைப்பு கொடுக்க முதலில் பையன்களைத்தான் வைத்திருந்தார்கள். அவர்கள் அழைப்பவர்களிடம் துடுக்காகப் பேசியது பொறுக்காமல், அந்த வருடம் செப்டம்பர் 1-ஆம் தேதி எம்மா நட் என்ற பெண்ணை வேலைக்கு எடுத்தார்கள். பெண்கள் இந்த வேலைக்குள் வந்த கதையே இதுதான். உங்களுக்குத் தெரியாததல்ல, இடம் போதாமல் வெட்டியிருப்பீர்கள். அந்த ஹோல்டு வரியை வெட்டியிருக்கலாம்.

அப்புறம், சிரித்தபடி பேசினால் அது குரலில் தெரியுமாம். தெரியும்தான். எதிர்முனையில் ஒருவர் பல் தேய்த்துக்கொண்டே பேசுவதும் தெரியும். பக்கத்தில் இருப்பவரிடம் திரும்பி, ‘இது ஒண்ணுத்துக்கும் ஆகாது’ என்பதும் கேட்கும். போனைக் கையால் பொத்தினால் கேட்காது என்று யார்தான் சொல்லிக்கொடுத்தார்களோ!

என் காதைப் பற்றியும் நிறையப் பேர் விசாரித்திருக்கிறார்கள். மின்னஞ்சல் முகவரி சொல்லும்போது ‘எஸ்’ஸா ‘எஃப்’பா என்று திரும்பக் கேட்டால் கோபம். எங்கள் டெலிபோன் டெக்னீஷியன் ஒருமுறை விளக்கினார். சாதாரண லைனில் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிதான் வருமாம். அந்த இரண்டு எழுத்தையும் பிரித்துக் காட்டும் சீறல் பெரும்பாலும் அதற்கு மேலே இருப்பதால் வழியிலேயே போய்விடுகிறது. நேரில் பேசினால் எனக்கு நன்றாகவே கேட்கும். ‘பெரியவங்க யாராவது இருந்தா குடும்மா’ என்பதும் கேட்கத்தான் செய்கிறது. எனக்கு வயது 46.

ஒருமுறை ஒருவர் போனில் என் படிப்பு, வளர்ப்பு எல்லாவற்றையும் அலசிவிட்டுத் தடாலென்று வைத்தார். அரைமணி நேரத்தில் நேரிலேயே வந்து நின்றார். ‘வணக்கம் மேடம், கொஞ்சம் சாரைப் பார்க்கணும்.’ குரலைப் பிடித்துவிட்டேன். அவருக்கு என் குரல் பிடிபடவில்லை. போனில் பேசியது ஒரு ஆள் என்றே தோன்றியிருக்காது போல. உட்காரச் சொன்னேன், தண்ணீர் கொடுத்தேன், வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கினேன். போகும்போது, ‘காலையில போன்ல ஒரு பொண்ணு ரொம்பத் திமிரா பேசுச்சு, நீங்க எவ்வளவோ பரவாயில்லை’ என்றார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? உங்கள் கட்டுரையாளருக்குத் தெரிந்திருக்கலாம்.

இவ்வளவு எழுதியது ஒரு சின்ன விஷயத்துக்காக. உங்கள் கடைசிப் பக்கத்தில் சந்தா, விளம்பரம், இதழ் வரவில்லை என்ற புகார் எல்லாவற்றுக்கும் ஒரே எண்தான் போட்டிருக்கிறது. போன வருடம் ஒரு இதழ் வராமல் நானும் அந்த எண்ணுக்கு அழைத்தேன். எடுத்த பெண் சந்தா எண்ணைக் கேட்டார். என்னிடம் இல்லை. ‘இருங்க’ என்று போனை மேஜையில் வைத்துவிட்டு மூன்று இழுப்பறையைக் குடைந்தேன். திரும்பி வந்தபோது, ‘பரவாயில்லைங்க, மெதுவா தேடுங்க’ என்றார் அவர்.

‘அழைக்கும் முன் சந்தா எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளவும்’ என்று அந்த எண்ணுக்குக் கீழே ஒரு வரி போட்டால் நல்லது. இடம் இல்லையென்றால் எழுத்தைக் கொஞ்சம் சிறிதாக்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வரவேற்பாளர்
(பெயரைப் போட வேண்டாம். எங்கள் அதிகாரியும் உங்கள் வாசகர்தான்.)