பெரிய வீலுக்கு ஆஃப்செட் முக்கியம்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஸ்போர்ட்ஸ் காருக்குப் பெரிய வீல் வாங்குபவர்கள் விட்டத்தைக் கேட்கிறார்கள், டிசைனைக் கேட்கிறார்கள். ஆஃப்செட்டைக் கேட்பவர் குறைவு. வீல் காரோடு பொருந்தும் முகம், வீல் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் தள்ளியிருக்கிறது என்பதே ஆஃப்செட். உரசல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

கம்பெனி வீல் 7.5 இன்ச் அகலம், ஆஃப்செட் 45 என்று வைத்துக்கொள்வோம். அதை எடுத்துவிட்டு 9 இன்ச், ஆஃப்செட் 35 மாட்டினால் ரிம்மின் வெளிவிளிம்பு 29 மி.மீ. வெளியே தள்ளும்; உள்விளிம்பு 9 மி.மீ. ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) பக்கம் நெருங்கும். இரண்டு பக்கமும் அளந்த பிறகு காசு கொடுங்கள். 'பொருந்தும்' என்று கடைக்காரர் சொல்வது பெரும்பாலும் போல்ட் துளைகளை மட்டும் பார்த்துத்தான்.

டயரின் மொத்த உயரம் மாறக்கூடாது. 225/45 ஆர்17 என்றால் டயர் அகலம் 225 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 45 சதவீதம், ரிம் விட்டம் 17 இன்ச். 225/45 ஆர்17 சுமார் 634 மி.மீ., 255/35 ஆர்18 சுமார் 636 மி.மீ.; நல்ல ஜோடி. அதுவே 255/40 ஆர்18 என்றால் 661 ஆகிவிடும். வீல் ஆர்ச்சில் இடிக்கும், ஸ்பீடோமீட்டரும் முன்பைவிட 4 சதவீதம் குறைத்துக் காட்டும். லோடு இண்டெக்ஸ் (டயர் தாங்கும் எடையின் குறியீடு) பழையதற்குக் குறையக்கூடாது.

வீலின் நடுத்துளை, அது உட்காரும் ஹப்பைவிடப் பெரிதா? இடைவெளியை அடைக்கும் சென்ட்ரிங் ரிங் போடுங்கள். இல்லாவிட்டால் பேலன்ஸ் செய்த வீலும் ஸ்டியரிங்கில் அதிரும். நட்டின் அமர்வு கூம்பா, உருண்டையா என்பதும் வீலோடு ஒத்துப்போக வேண்டும், இல்லையேல் ஓட ஓடத் தளரும். குறித்த அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்சால் இறுக்கி, 80 முதல் 100 கி.மீ. ஓடியபின் மறுபடி பாருங்கள்.

நிற்கும்போது உரசாத டயர், ஆள் ஏறிப் பள்ளத்தில் இறங்கினால் உரசலாம். ஸ்பிரிங்கைக் கழற்றி, ஜாக்கால் வீலை முழுதாக மேலே ஏற்றி, ஸ்டியரிங்கை இருபுறமும் கடைசிவரை ஒடித்துப் பார்ப்பதே நம்பகமான சோதனை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்