வீரனுக்கு வேண்டியது கூடுதல் அடி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கற்பனை உலக மேசை விளையாட்டுகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆசையோடு வாசித்தேன். இதைப் பற்றித் தமிழில் யாராவது எழுதுவதே அபூர்வம், அதற்கு முதலில் நன்றி. ஆனால் ஆளுக்கொரு பாத்திரமாகி, நடத்துபவர் சொல்லும் கதைக்குள் பகடை உருட்டி ஆடும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தில் வாள்வீரன் மந்திரவாதியிடம் பின்தங்கிப்போகிறான், அவனுடைய அடியின் பலத்தைக் கூட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று கட்டுரையாளர் முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பல ஆண்டுகளாக இந்த ஆட்டத்தை நடத்திவருகிறேன். குறை அடியில் இல்லை.

2014 பதிப்பையே எடுத்துக்கொள்வோம். பாத்திரம் வளர வளர ஏறும் படியான லெவலில் 5-ஐ எட்டும்போது வீரனுக்கு ஒரு சுற்றில் இரண்டு வெட்டு. மந்திரவாதிக்கு நெருப்புப் பந்து: எட்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டி, வெடிக்கும் இடத்திலிருந்து 20 அடிக்குள் நிற்கிற அத்தனை பேரையும் பொசுக்கலாம். கூட்டமாக வரும் கோப்ளின் என்ற குட்டிப் பூதங்களுக்கு அது எமன்தான். ஆனால் ஒற்றை ராட்சதனை எதிர்த்து நின்று, சுற்றுக்குச் சுற்று வெட்டிச் சாய்ப்பதில் வீரன் சளைத்தவனல்ல. சண்டைக்குள் கணக்கு ஓரளவு நேராகவே இருக்கிறது. வில்லங்கம் சண்டைக்கு வெளியே தொடங்குகிறது.

ஒரு கோட்டைச் சுவர், தாண்டி உள்ளே போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மந்திரவாதியை ஆடுபவர் தன் பாத்திரத்தின் விவரத் தாளைப் பார்க்கிறார். பறக்கும் மந்திரம் இருக்கிறது, பூட்டைத் திறக்கும் மந்திரம் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாமல் மறையும் மந்திரமும் இருக்கிறது. எதைச் சொன்னாலும் நடக்கும், பகடையைத் தொடக்கூட வேண்டாம். வீரனை ஆடுபவரோ தயங்கித் தயங்கி, "நான் ஏறிப் பார்க்கட்டுமா?" என்று கேட்கிறார். நடத்துபவர் யோசிக்கிறார். மழை பெய்திருக்கிறது, சுவர் வழுக்கும், இருபதுமுகப் பகடையை உருட்டி 20 வந்தால்தான் ஏறலாம் என்கிறார். பகடையில் 7 விழுகிறது. அடுத்த முறை அவர் கேட்பதே இல்லை. யாராவது வாளை உருவும்வரை போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். லெவல் ஏற ஏற இது இன்னும் மோசமாகும். 13-இல் மந்திரவாதி கூட்டாளிகள் எட்டுப் பேரோடு வேறொரு நகரத்துக்குக் கண்ணிமைக்கும் நேரத்தில் போய்விடுகிறார், 17-இல் நினைத்ததை நடத்தும் 'விஷ்' மந்திரம் கையில் வருகிறது. 20-இல் வீரனுக்குக் கிடைப்பது நான்காவது வெட்டு.

ஒருவர் நடந்ததை அறிவிக்கிறார், இன்னொருவர் அனுமதி கேட்கிறார். வெட்டை நான்கிலிருந்து ஆறாக்கினாலும் இது மாறப்போவதில்லை.

1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் இந்த ஆட்டத்தை வெளியிட்டபோது இந்தச் சிக்கலுக்குக் கட்டுப்பாடுகள் இருந்தன. 1978-இல் வந்த ஆட்டக்காரர் கையேட்டைப் புரட்டினால் தெரியும். எவ்வளவு அடி தாங்கலாம் என்பதைச் சொல்லும் உயிர்ப்புள்ளிக்கு மந்திரவாதிக்கு நான்குமுகப் பகடை, வீரனுக்குப் பத்துமுகப் பகடை. முதல் லெவலில் மந்திரவாதிக்கு நாளொன்றுக்கு ஒரே மந்திரம். மந்திரம் சொல்லும்போது அடிபட்டால் அது கலைந்துபோகும். வீரன் 9-ஆம் லெவலை எட்டினால் கோட்டை கட்டிக்கொள்ளலாம், படை அவனைத் தேடி வரும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்தப் படைதான். மந்திரத்தால் ஊரைத் தாண்டலாம், ஆனால் அப்படியொரு படை மந்திரவாதியைத் தேடி வராது. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு லெவல் ஏறுவதற்கு எல்லோருக்கும் ஒரே அனுபவப் புள்ளி அட்டவணையைக் கொடுத்தது, அடிபட்டாலும் பகடை உருட்டி மந்திரத்தைக் காப்பாற்றிக்கொள்ள வழி செய்தது. கோட்டையும் படையும் வீரன் என்பதாலேயே கிடைக்கும் உரிமையாக நிற்கவில்லை. கட்டுப்பாடுகள் போயின, மந்திரங்கள் மட்டும் அப்படியே தங்கின.

2008-இல் நான்காம் பதிப்பு வீரன், மந்திரவாதி என எல்லாப் பாத்திர வகைக்கும் ஒரே மாதிரியான சக்திகளைக் கொடுத்துச் சமன்செய்தது. வீரனும் மந்திரவாதியும் ஒன்றுபோலத் தெரிகிறார்கள் என்று பலர் குறைப்பட்டார்கள். அந்தக் குறையில் நியாயம் உண்டு. ஆனாலும் அந்தப் பதிப்பில் வீரனை ஆடியவர் தன் முறை வரும்போது செய்வதற்கு ஏதோ ஒன்றை வைத்திருந்தார் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஓய்வைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆட்டத்தை நடத்துபவருக்கான 2014 கையேடு, கதையின் ஒரு நாளில் ஒரு குழு ஆறு முதல் எட்டு மோதல்களைத் தாங்கலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறது. நான் பார்த்த மேசைகளில் ஒன்றோ இரண்டோ நடக்கும், பிறகு பாத்திரங்கள் தூங்கப் போய்விடும், எழுந்தால் தீர்ந்த மந்திரங்கள் திரும்பிவிடும். மந்திரம் தீரும் நாளே வராவிட்டால் தீராத கைபலத்துக்கு என்ன மதிப்பு?

வழி இல்லாமல் இல்லை. 2012-இல் வந்த, இதே வகையைச் சேர்ந்த 'டன்ஜன் கிரால் கிளாசிக்ஸ்' ஆட்டத்தில் வீரன் வெட்டுவதற்கு முன்பே சாகசத்தைச் சொல்லிவிடலாம்: "கண்ணில் மண்ணை வாரி வீசுகிறேன்", "படிக்கட்டிலிருந்து தள்ளிவிடுகிறேன்". வெட்டு பட்டு, கூடவே உருட்டும் சாகசப் பகடையில் 3 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அது நடந்துவிடும். 'பாத்ஃபைண்டர்' என்ற இன்னோர் ஆட்டத்தின் 2019 இரண்டாம் பதிப்பில் கழைக்கூத்துத் திறமையின் உச்சிக்குப் போய், அதற்கான தனிச் சிறப்பையும் எடுத்துக்கொண்டவர் எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் காயமின்றி நிற்கலாம். மந்திரம் கிடையாது, வெறும் பயிற்சி. 2024-இல் டன்ஜன்ஸும் கொஞ்சம் இறங்கிவந்திருக்கிறது: தோற்றுப்போன முயற்சியில் வீரன் ஒரு பத்துமுகப் பகடையைச் சேர்த்துக்கொள்ளலாம். நல்லதுதான், ஆனால் அதுவும் பகடையின் தயவுதான்.

நம்மில் பலர் மந்திரவாதியைப் புத்தகத்தை வைத்து அளக்கிறோம், வீரனைச் சொந்த உடம்பை வைத்து அளக்கிறோம். என்னால் ஏற முடியாத சுவரில் அவனும் ஏற முடியாது என்று முடிவுகட்டிவிடுகிறோம். இந்த ஆட்டத்தின் வேர்களில் ஒன்றான வடக்கு ஐரோப்பியப் பழங்கதைகளில், பெயோவுல்ஃப் என்ற வீரன் வெறுங்கையால் அரக்கனின் கையைத் தோளோடு பிய்த்தெடுக்கிறான். அவனிடம் யாரும் 20 கேட்கவில்லை.

கட்டுரையாளர் இத்தொடரை மேலும் எழுதுவதாக இருந்தால், அடுத்ததில் சண்டையைத் தள்ளிவைத்துவிட்டு அந்தச் சுவரைப் பற்றி எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மதுரை.