தவளைத் தோலும் தெருமுனை மருந்துக்கடையும்

ஆசிரியருக்கு,

மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களை இயற்கைப் பெப்டைடுகள் (சிறு புரதத் துண்டுகள்) கொல்லும் என்ற தங்கள் செய்தியைப் படித்தேன். நல்லதுதான். ஆனால், 1987இல் தவளைத் தோலில் கண்டறிந்த மகைனின் என்ற பெப்டைடை ஒட்டி உருவான களிம்புக்கு 1999இல் அமெரிக்கா அனுமதி மறுத்துவிட்டது. கொலிஸ்டினும் பெப்டைடு மருந்துதான். வேறு மருந்து பலிக்காதபோது கடைசிக் கைத்துணையான அதைக் கோழிக்கும் கொடுத்துவந்தோம், இந்தியாவில் 2019இல்தான் அதற்குத் தடை வந்தது. புதியது வரும்வரை இருப்பதையாவது காக்க வேண்டாமா? சென்ற மாதம் மாட்டுங்காவில் தொண்டை வலி என்றதும், மருத்துவர் சீட்டுகூடக் கேட்காமல் செஃபிக்சிம் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரை அட்டையை நீட்டினார் ஒரு கடைக்காரர். (வாங்காமல் திரும்பினேன், சரி, எல்லோரும் திரும்புவார்களா?)

செஃபிக்சிம் போன்ற, மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத எச்1 பட்டியல் மருந்துகளை விற்றால் நோயாளி, மருத்துவர் பெயர்களைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது சட்டம். மருந்து ஆய்வாளர்கள் முன்னறிவிப்பின்றி வந்து அந்தப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கட்டும்.

– ஒரு வாசகர், மாட்டுங்கா, மும்பை