முன் பிரேக் கலிப்பர் சீல் கிட் பற்றிய புகார்

உரிமையாளர்,
மோட்டார் சைக்கிள் திருத்துமிடம்,
றம்பொடை.
2025.09.08

வாடிக்கையாளர் சேவை முகாமையாளர்,
மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகப் பிரிவு,
கொழும்பு.

ஐயா / அம்மணி,

விடயம்: பிரேக் ஒயிலில் வீங்கும் சீல்களை மீளப் பெறுதலும் நட்டஈடும்

உங்கள் விற்பனைப் பிரதிநிதியிடம் நான் வாங்கிய முன் பிரேக் கலிப்பர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) சீல் கிட்டில் இருக்கும் சீல் என்ற ரப்பர் வளையம், பிரேக் ஒயில் பட்டுச் சில நாட்களில் வீங்கிவிடுகிறது. வீங்கிய சீல், பேட்டை டிஸ்க்கோடு அழுத்தும் பிஸ்டனைப் பின்னால் போக விடாமல் இறுக்கிப் பிடிக்கிறது. இதை உங்கள் தொலைபேசிச் சேவைக்கு அறிவித்தேன். லைனில் எயார் இருக்கும், இன்னொரு தரம் எயார் எடுத்துப் பாருங்கள் என்றார்கள். வேறொரு நாள் வேறொருவர் எடுத்தார். அவரும் அதையே சொன்னார். அதனால்தான் எழுத்தில் தருகிறேன். (தமிழுக்கு 3ஐ அழுத்தச் சொல்கிறது உங்கள் இயந்திரக் குரல். அழுத்தினால் பாட்டு ஓடுகிறது, ஆள் வருவதில்லை. நான் சிங்களத்தில் கதைத்து முடித்தேன். சிங்களம் தெரியாத என் வாடிக்கையாளர் எடுத்திருந்தால் பாட்டு மட்டும்தான் கேட்டிருப்பார்.)

எயார் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். லைனில் எயார் இருந்தால் லீவர் பஞ்சாகும், கைப்பிடி வரைக்கும் இறங்கும், பிரேக் பிடிக்காது. எனக்கு வந்த குறை அதற்கு நேர் எதிரானது: லீவர் கல்லாக நிற்கிறது, விட்ட பிறகும் பிரேக் விடுவதில்லை. முன் வீலைத் தூக்கிச் சுற்றினால் அரைச் சுற்றுக்கூடப் போகாமல் நிற்கிறது. பிரேக் வேலை தெரிந்த ஒருவரை தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தால் இந்தக் கடிதம் பாதியாகக் குறைந்திருக்கும்.

நான் இந்தச் சீலைப் போட்ட பைக் புசல்லாவைப் பக்கம் படிப்பிக்கும் ஓர் ஆசிரியருடையது. லபுக்கலையிலிருந்து தினமும் இறங்கி ஏறுகிறார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து இந்த ஆண்டு தொடக்கத்தில் திறக்கும் வரை புது பைக் வாங்க நினைத்தவர்கள் எல்லோரும் பழையதைத் திருத்தித்தான் ஓட்டினார்கள், அவரும் அப்படித்தான். தூசியைத் தடுக்கும் வெளிச் சீலான டஸ்ட் சீல் வெடித்து, மழைத் தண்ணீர் உள்ளே போய், பிஸ்டன் இறுகியிருந்தது. கலிப்பரைக் கழற்றிப் பிஸ்டனை வெளியே எடுத்தேன். அதன் குரோமில் குழி எதுவும் இல்லை. சீல் உட்காரும் காடியில் படிந்திருந்த உப்பைக் கீறல் விழாமல் சுரண்டி எடுத்து, உங்கள் கிட்டில் இருந்த இரண்டு சீலையும் போட்டு, புதிதாக உடைத்த டொட் 4 ஒயில் ஊற்றி, கலிப்பரில் எயாரை வெளியேற்றும் நிப்பிளில் குமிழி வருவது நிற்கும் வரை எயார் எடுத்தேன். அன்று வீல் விரலால் தட்டினாலே சுற்றியது.

ஒரு வாரம்கூட முழுதாக ஆகவில்லை. பைக் பாரமாக இழுக்கிறது, முன்பக்கம் கருகல் மணம் வருகிறது என்று ஆசிரியர் தொலைபேசியில் சொன்னார். ஓட்டாமல் நிறுத்தி வையுங்கள், நான் வருகிறேன் என்றேன். அவர் அப்போதே பாதி இறக்கத்தில் இருந்தார். சுரங்கப்பாதைக்கு மேலே ஒரு வளைவில் லீவர் திடீரென்று கைப்பிடியோடு ஒட்டிவிட்டது. பின் பிரேக்கையும் கியரையும் வைத்து வேகத்தைக் குறைத்து, மலைப்பக்கக் கானில் முன் வீலை இறக்கி நிறுத்தியிருக்கிறார். முழங்காலில் காயம். பள்ளத்துப் பக்கம் போயிருந்தால் இந்தக் கடிதத்தை வேறு யாராவதுதான் எழுதியிருப்பார்கள், பொலிஸுக்கு.

கல்லாக நின்ற லீவர் எப்படி அங்கே இல்லாமல் போனது என்று நீங்கள் கேட்கலாம். பேட் ஓயாமல் உரசினால் டிஸ்க் சுடும், சூடு பிஸ்டன் வழியாக ஒயிலுக்கு ஏறும். டொட் 4 ஒயிலுக்குத் தரநிர்ணயம் கேட்கும் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதில் 230 பாகை செல்சியஸ், ஈரம் உறிஞ்சிய பிறகு 155 பாகை. நீண்ட இறக்கத்தில், விடாமல் பிடித்திருக்கும் பிரேக்குக்கு அது பெரிய தூரம் இல்லை. ஒயில் கொதித்தால் ஆவி உண்டாகும், ஆவி நசுங்கும், லீவர் வெறுமனே இறங்கும். நான் போய்ப் பார்த்தபோது டிஸ்க் நீலம் பாய்ந்திருந்தது, பேட் இரண்டும் சூட்டில் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகியிருந்தன.

உங்களுக்கு முன்பே நான் என் வேலையைத்தான் சந்தேகித்துப் பார்த்தேன். வீல் இறுகியிருக்கும்போதே நிப்பிளைத் திறந்தேன். அழுத்தம் லைனில் மாட்டியிருந்தால் ஒயில் பீச்சி வீல் விட்டுப்போகும். அப்போது லீவர் பக்கம் ஒயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரையோ ஹோஸையோ குற்றம் சொல்லலாம். ஒயில் சொட்டியது, வீல் அசையவில்லை. மாஸ்டர் சிலிண்டர் மூடியைக் கழற்றி லீவரை மெதுவாகப் பிடித்தால் சின்னத் துளையிலிருந்து ஒயில் மேலே துள்ளியது, ஆகவே திரும்பும் வழி அடைக்கவில்லை. கலிப்பர் சறுக்கும் பின்கள் இரண்டும் கையால் தள்ளினாலே ஓடின. மிஞ்சியது பிஸ்டன். அதை வெளியே எடுக்க நான் பட்ட பாட்டிலேயே காரணம் புரிந்துவிட்டது. உள் சீல் ஊறப்போட்ட கடலை மாதிரிப் பருத்து, காடியை நிரப்பி வெளியே பிதுங்கியிருந்தது.

டிஸ்க் பிரேக்கில் பேட்டை விலக்குவதற்கென்று தனி ஸ்பிரிங் கிடையாது. அந்த வேலையையும் இந்தச் சீல்தான் செய்கிறது. லீவரைப் பிடிக்கும்போது பிஸ்டனோடு சேர்ந்து கொஞ்சம் வளைந்து கொடுக்கிறது, விட்டதும் தன் பழைய உருவுக்கு வந்து பிஸ்டனையும் இழுத்துக்கொள்கிறது. காடிக்குள் வளைய இடமில்லாமல் பருத்த சீல் எதை இழுக்கும்?

அதே கலிப்பர், அதே பிஸ்டன், அதே மாஸ்டர் சிலிண்டர். சீலை மட்டும் பைக் கம்பனியின் அசல் சீலாக மாற்றினேன். விலை உங்களுடையதைப் போல மூன்று மடங்குக்குக் கிட்ட வந்தது. டிஸ்க்கும் பேட்டும் புதிது போட்டுக் கொடுத்தேன். இன்று வரை வீல் தடையில்லாமல் சுற்றுகிறது.

அதோடு விடவில்லை. உடைக்காத உங்கள் கிட் ஒன்றைப் பிரித்து, ஒரு சீலை டொட் 4 ஒயிலிலும் இன்னொன்றை என்ஜின் ஒயிலிலும் ஜாம் போத்தல்களில் போட்டு வைத்தேன். அசல் சீல் இரண்டையும் அப்படியே வேறு இரு போத்தல்களில் போட்டேன். கிளைகோல் பிரேக் ஒயிலுக்குப் பாவிக்க வேண்டியது ஈபிடிஎம் ரப்பர். அது பிரேக் ஒயிலில் அப்படியே இருக்கும், என்ஜின் ஒயிலில் வீங்கும். அசல் சீல் சரியாக அதைத்தான் செய்தது. உங்கள் சீல் என்ஜின் ஒயிலில் சுகமாகக் கிடக்கிறது, பிரேக் ஒயிலில் வீங்கிவிட்டது. வெர்னியர் தேவையில்லை, கண்ணுக்கே தெரிகிறது. பெட்ரோலிய ஒயிலுக்குப் பாவிக்கும் நைட்ரைல் ரப்பர் நடந்துகொள்ளும் விதம் அது. தயாரித்தவர் மாற்றிக் கொடுத்தாரா, பொதி செய்த இடத்தில் மாறியதா என்பதை நீங்கள்தான் தேட வேண்டும். பெட்டியின் மேல் எந்த ரப்பர் என்று ஒரு வார்த்தை இல்லை. உள்ளே இருக்கும் துண்டுச்சீட்டு ஆங்கிலத்தில் மட்டும் இருக்கிறது. கிட்டோடு வரும் கிரீஸ் பொதியை எதில் பூச வேண்டும் என்று அந்தச் சீட்டும் சொல்வதில்லை. யாராவது சீலில் பூசி, அது பெட்ரோலிய கிரீஸாக இருந்தால், நல்ல ரப்பரையும் கெடுத்துவிடும். நான் அதைத் தொடவே இல்லை.

கொழும்பில் சமதரையில் ஓடும் பைக்கில் இந்தக் குறை பேட் சீக்கிரம் தேய்வதோடு போகலாம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கம்பளை வரைக்கும் பெரும்பாலும் வளைந்து வளைந்து இறக்கம்தான். கடந்த மே மாதம் கெரண்டி எல்ல என்ற இடத்தில் பஸ் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தது இந்தப் பாதையில்தான். அந்த விபத்தின் காரணத்தை நான் இதோடு முடிச்சுப் போடவில்லை. இந்தப் பாதையில் பிரேக்குக்கு என்ன பெறுமதி என்று உங்கள் மேசைக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இணைத்த படத்தில் தெரியும் தொகுதி இலக்கம் கொண்ட கிட்களின் விற்பனையை உடனே நிறுத்தி, நுவரெலியா, ஹட்டன், கம்பளைக் கடைகளுக்கு எழுத்தில் அறிவியுங்கள். என்னிடம் மிஞ்சியிருப்பவற்றின் பணத்தைத் திருப்பித் தாருங்கள். பதிலுக்கு அதே கிட்டை அனுப்ப வேண்டாம். டிஸ்க், பேட், அசல் சீல், ஒயில் செலவை நான் ஆசிரியரிடம் வாங்கவில்லை, அதை நீங்கள் தர வேண்டும். அவருடைய மருந்துச் செலவைப் பற்றி அவரோடு நேரடியாகக் கதையுங்கள். இனி வரும் பெட்டிகளில் ரப்பர் வகையும் தமிழிலும் சிங்களத்திலும் பொருத்தும் முறையும் இருக்கட்டும்.

இரண்டு வாரத்துக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு இதே கடிதத்தை அனுப்புவேன். வாங்கி மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும். பற்றுச்சீட்டின் திகதிப்படி எனக்கு இன்னும் காலம் இருக்கிறது.

சீல் போட்ட போத்தல்களைத் தபாலில் அனுப்ப மாட்டேன். உங்கள் பிரதிநிதி வந்தால் கராஜில் பார்க்கலாம், படமும் எடுக்கலாம்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
கராஜ் உரிமையாளர்

இணைப்பு: பற்றுச்சீட்டின் பிரதி, தொகுதி இலக்கம் தெரியும் பெட்டியின் படம், சீல்களினதும் டிஸ்க்கினதும் படங்கள்.