பிளைட் சிமுலேட்டருக்குப் பிராசசர் வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் சென்ற வாரம் வெளியான, கணினி வாங்குவோருக்கான வழிகாட்டியைப் படித்தேன். விளையாட்டு எதுவானாலும் தனித்தனியே கணக்கிடும் கோர்களும் வேகத்தைக் காட்டும் கிகாஹெர்ட்ஸும் அதிகமுள்ள பிராசசரையே வாங்க வேண்டும், கையில் பணம் மிஞ்சினால் அதைப் படத்தை வரையும் கிராபிக்ஸ் கார்டில் போடலாம் என்று அதில் சொல்லப்பட்டிருந்தது. மற்ற விளையாட்டுகளுக்கு இது ஓரளவு பொருந்தக்கூடும். கணினியிலேயே விமானம் ஓட்டிப் பார்க்கும் பிளைட் சிமுலேட்டருக்காகக் கணினியை மேம்படுத்துவோர் இதை நம்பினால் பணம் வீணாகும். அப்படி வீணாக்கியவர்களில் நானும் ஒருவன். என் எதிர்வீட்டில் பிளஸ் டூ படிக்கும், விமானியாக வேண்டும் என்ற கனவுள்ள பையனின் தந்தை அந்தப் பக்கத்தைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சென்னை ரிச்சி தெருவுக்குப் புறப்பட இருந்ததைக் கண்ட பிறகு, எழுதாமல் இருக்க முடியவில்லை.

மைக்ரோசாப்ட் பிளைட் சிமுலேட்டர் 2020 ஆகஸ்டில் வெளியானதிலிருந்து நான் அதில் பறந்து வருகிறேன். என்னிடம் இருந்தது ஏஎம்டி நிறுவனத்தின், ஆறு கோர் கொண்ட ரைசன் 5 3600 பிராசசரும், பாகங்களை எல்லாம் இணைக்கும் பலகையான பி450 மதர்போர்டும். திருச்சியில் இறங்கும்போது எந்தக் குறையும் தெரியாது. லண்டன் ஹீத்ரோவில் ஏர்பஸ் ஏ320-ஐ இறக்கும்போதுதான் சோதனை. ஓடுபாதை விளக்குகள் தெளிவாகத் தெரியும் உயரத்தில், ஐந்நூறு அடிக்குக் கீழே, படம் அரை நொடி உறைந்து நிற்கும். மறுபடி அசையும்போது ஓடுபாதை நடுக்கோடு இடப்பக்கம் விலகியிருக்கும். நான் பதறித் திருத்தும் திருத்தம் அளவு மீறிப் போய்விடும். கடைக்காரர் சொன்னதைக் கேட்டு, பிராசசரை அப்படியே வைத்துக்கொண்டு, விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கினேன். மேகங்கள் அழகாயின. ஹீத்ரோவில் உறைவது மட்டும் நிற்கவில்லை.

காரணத்தை அந்த மென்பொருளே சொல்கிறது. அமைப்புகளில் டெவலப்பர் மோடை இயக்கி, வினாடிக்கு எத்தனை பிரேம், அதாவது எத்தனை படம், வரையப்படுகிறது என்று காட்டும் கட்டத்தைத் திறந்தால், வேகத்தைத் தடுத்து நிறுத்துவது கிராபிக்ஸ் கார்டா, மெயின் திரெட் என்னும் முதன்மை இழையா என்று அங்கே எழுதிக் காட்டும். என் திரையில் ஹீத்ரோவில் மெயின் திரெட் என்றே இருந்தது. கல்யாணச் சமையற்கட்டில் காய் நறுக்க இருபது பேரை வைக்கலாம். உப்பு, புளி, காரம் பார்த்துப் பதத்தில் இறக்குபவர் தலைமைச் சமையற்காரர் ஒருவர்தான். விமானத்தின் அமைப்புகள், சுற்றியுள்ள போக்குவரத்து, நிலப்பரப்பில் அடுத்து எதை வரைய வேண்டும் என்ற முடிவு ஆகியவற்றில் பெரும்பகுதி இந்த ஒற்றை இழை வழியாகவே போகிறது. வினாடிக்கு 30 பிரேம் வேண்டுமானால் ஒவ்வொரு பிரேமுக்கும் அந்த இழைக்குக் கிடைப்பது 33 மில்லி வினாடி. ஆறு கோருக்குப் பதில் பன்னிரண்டு கோர் வாங்கினால் நறுக்குபவர்கள் பெருகுவார்களே தவிர, தலைமைச் சமையற்காரரின் கை வேகம் கூடாது. 2024 நவம்பரில் வந்த அடுத்த பதிப்பு வேலையைப் பல கோர்களுக்குப் பகிர்ந்து தருவதில் முன்னேறியிருக்கிறது. ஆனாலும் நெரிசலான விமான நிலையங்களில் மெயின் திரெட்டின் பிடி விட்டுவிடவில்லை.

அந்தச் சமையற்காரர் வேண்டிய சாமான் ஒவ்வொன்றுக்கும் உக்கிராண அறைக்கு ஓட வேண்டியிருந்தால் பந்தி தாமதமாகும். கணினியின் தற்காலிக நினைவகமான ரேம் என்பது உக்கிராண அறை. பிராசசருக்குள்ளேயே இருக்கும் எல்3 கேஷ் என்பது கைக்கெட்டும் அலமாரி. பிளைட் சிமுலேட்டர் சிதறிக் கிடக்கும் ஏராளமான தகவல்களை மாற்றி மாற்றிக் கேட்பதால், அலமாரி பெரிதாக இருக்கும் பிராசசரே அதற்கு உகந்தது. இதற்கு ரைசன் 7 5800எக்ஸ், 2022 ஏப்ரலில் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி ஆகிய இரண்டையும் விடத் தெளிவான சான்று கிடைக்காது. இரண்டிலும் எட்டு கோர்கள். முன்னதன் உச்ச வேகம் 4.7 கிகாஹெர்ட்ஸ், பின்னதன் உச்ச வேகம் 4.5 தான். ஆனால் முன்னதில் எல்3 கேஷ் 32 எம்பி. பின்னதில் சிப்பின் மேல் இன்னோர் அடுக்கு ஏற்றப்பட்டு 96 எம்பி. கிகாஹெர்ட்ஸில் குறைந்த இந்த இரண்டாவது பிராசசர்தான் பிளைட் சிமுலேட்டரில் முதலாவதைத் தெளிவாக முந்துகிறது. தங்கள் வழிகாட்டியின் அளவுகோலால் அளந்தால் தோற்க வேண்டியது வெல்கிறது என்பதை ஆசிரியர் குழு கருத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

இந்த 5800எக்ஸ்3டியை என் பழைய மதர்போர்டிலேயே பொருத்தினேன். பிராசசரைச் செருகும் ஏஎம்4 சாக்கெட் உள்ள பலகைகளில் பெரும்பாலானவை, கணினியைத் தொடக்கி வைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்தால், இதை ஏற்றுக்கொள்ளும். மதர்போர்டு நிறுவனத்தின் ஆதரவுப் பட்டியலில் தங்கள் பலகையின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது அவசியம். பழைய பிராசசர் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும். பாதியில் மின்சாரம் போனால் பலகையே பழுதாகலாம் என்பதால் யுபிஎஸ் இல்லாமல் இதில் இறங்கக் கூடாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஏஎம்4 பிராசசர்களில் ஊசிக்கால்கள் பிராசசரின் அடியிலேயே இருக்கின்றன. பல ஆண்டு இறுகிய வெப்பப் பசையோடு, பிராசசரைக் குளிர்விக்கும் கூலரை நேராக மேலே இழுத்தால், பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து கால்கள் வளைந்துவிடும். கணினியைச் சற்று நேரம் ஓடவிட்டுப் பசை இளகியதும் அணைத்து, மின் இணைப்பைத் துண்டித்து, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகிய பிறகே தூக்க வேண்டும். 5800எக்ஸ்3டியின் பெட்டியில் கூலர் வராது. பழைய 3600-உடன் வந்த சிறிய கூலர் திருச்சியின் சித்திரை வெயிலில் இதற்குச் சற்றும் போதாது. அதற்கும் சேர்த்தே பணம் ஒதுக்க வேண்டும்.

மாற்றிய பின் அதே அமைப்புகளோடு ஹீத்ரோவில் இறங்கினேன். முன்பு இருபத்து மூன்று, இருபத்து நான்கு பிரேமில் தத்தளித்த இடத்தில் இப்போது முப்பத்தைந்துக்குக் கீழே போகவில்லை. எண்ணைவிட முக்கியம், தரை தொடும் வரை படம் ஒருமுறைகூட உறையவில்லை.

எதிர்வீட்டுத் தந்தையிடம் நான் முதலில் சொன்னது, எதையும் வாங்க வேண்டாம், ஒரு சோதனை செய்து பாருங்கள் என்பதுதான். திரையின் ரெசல்யூஷனைக் குறைத்து அதே விமான நிலையத்தில் பிரேமை எண்ண வேண்டும். பிரேம் கணிசமாக ஏறினால் தடை கிராபிக்ஸ் கார்டில் இருக்கிறது. பிராசசருக்குச் செலவிடுவது வீண். ஏறவில்லையானால் தடை பிராசசரின் பக்கம். பையனின் கணினியில் ஏறவில்லை. அத்துடன், 3200 வேகத்துக்கு வாங்கிய ரேம் 2133-இல் ஓடிக்கொண்டிருந்ததும் தெரியவந்தது. ரேமை அதற்குரிய வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பைப் பயாஸில் யாருமே இயக்கி வைக்கவில்லை. அதைச் சரிசெய்து, நிலப்பரப்பை எவ்வளவு நுணுக்கமாக வரைவது என்பதற்கான டெரைன் லெவல் ஆஃப் டீடெயில் அளவைக் குறைத்து, காக்பிட் திரைகளின் புதுப்பிப்பு வேகத்தைத் தணித்து, செயற்கை விமானப் போக்குவரத்தையும் மட்டுப்படுத்தியதில், ஒரு ரூபாய் செலவின்றிப் பாதி குறை தீர்ந்துவிட்டது. மீதிக்கு 5700எக்ஸ்3டி போதும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். 2024 ஜனவரியில் வந்த அதிலும் 96 எம்பி கேஷ்தான். இந்த இரண்டு பிராசசர்களும் கடைகளில் அருகி வருவதால், வாங்க நினைப்போர் தாமதிக்காமல் விசாரிப்பது நல்லது.

புதிதாக முழுக் கணினியும் கட்டுவோருக்கு 7800எக்ஸ்3டியோ, 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டியோ சிறந்தது. இவற்றுக்குப் புதிய ஏஎம்5 மதர்போர்டும் டிடிஆர்5 ரேமும் வேண்டும். பதினாறு கோர் கொண்ட 7950எக்ஸ்3டியின் கூடுதல் கேஷ் இரண்டு சிப்புகளில் ஒன்றில் மட்டுமே உள்ளது என்பதால், விளையாட்டுக்கு மட்டும் என்றால் அதற்குக் கூடுதல் விலை தருவதில் பொருளில்லை.

இன்டெல் பலகை வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை. 13, 14-ஆம் தலைமுறையின் உயர்நிலை டெஸ்க்டாப் பிராசசர்களில் தேவைக்கு மீறிய வோல்டேஜால் நிலையின்மை ஏற்பட்டதை இன்டெல் நிறுவனமே 2024-இல் ஒப்புக்கொண்டு, ஆகஸ்டில் மைக்ரோகோடு என்னும் பிராசசரின் உள்நிரலுக்குத் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. அந்தத் திருத்தம் புதிய சேதத்தைத் தடுக்கும். ஏற்கெனவே பழுதானதைச் சீர் செய்யாது. ஆகவே பழைய பிராசசராக வாங்குவோர் உத்தரவாதம் மீதமிருப்பதை உறுதி செய்யாமல் பணம் தரக் கூடாது. தங்கள் வழிகாட்டி பழைய பிராசசர்களையும் பரிந்துரைத்திருந்த நிலையில், இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்கு மிகுந்த வருத்தம் அளித்தது.

அடுத்த வழிகாட்டியில் பிளைட் சிமுலேட்டருக்குத் தனியே அரைப் பத்தியாவது ஒதுக்கி, ஹீத்ரோ போன்ற நெரிசலான விமான நிலையத்தில், சராசரி பிரேமோடு மிகக் குறைந்த பிரேமையும் அளந்து, எல்3 கேஷ் அளவையும் சேர்த்து அட்டவணையிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். எங்கள் பகுதியில் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் பெற்றோர்கள் கடைக்குப் போகிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஸ்ரீரங்கம், திருச்சி.