வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்

அன்புள்ள கதிருக்கு,

நீ இல்லாத நாலு மாதமும் பக்கத்து வீட்டுப் பையன் வாரம் ஒருமுறை உன் காரை ஸ்டார்ட் பண்ணி ஐந்து நிமிடம் ஓடவிடுவான் என்று எழுதியிருந்தாய். நல்ல பையன்தான். ஆனால் அந்த வேலையை அவனிடம் கொடுக்காதே. சும்மா கிடக்கிற வண்டியைக் கெடுக்க அதைவிட நல்ல வழி கிடையாது.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அம்மா பழைய காலத்து ஆள் என்பாய். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. வண்டி நன்றாகச் சூடேறி அரை மணி நேரம் ரோட்டில் ஓடினால் அது ஆவியாகப் பின்னால் போய்விடும். நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் உறுமினால் எஞ்சின் சூடாவதே இல்லை. அந்த ஆவி சைலன்சருக்குள்ளேயே தண்ணீராகத் தங்கித் துருவாகும், கொஞ்சம் ஆயிலிலும் கலக்கும். வாரம் தவறாமல் இதைச் செய்தால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்.

பேட்டரிக்காகத்தானே ஸ்டார்ட் பண்ணச் சொல்கிறாய்? அந்த ஐந்து நிமிடத்தில் ஒரு வாரம் இறங்கின சார்ஜ் ஏறாது. பூட்டி நிறுத்திய வண்டியிலும் அலாரம், கடிகாரம், ரிமோட் சாவிக்காகக் காத்திருக்கிற கருவி எல்லாம் விழித்தேதான் இருக்கின்றன. 50 மில்லி ஆம்பியர் என்று வைத்தால்கூட ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி. உன் பேட்டரி 45 ஆம்பியர்-மணிதான். ஒன்றரை மாதம்கூடத் தாங்காது. காலியாகவே கிடந்தால் உள்ளே ஈயத் தகடுகளில் சல்ஃபேட் இறுகிப்போகும், அதற்குப்பின் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய பலம் வராது. கடுங்குளிர் வேறு அடித்தால் காலி பேட்டரி உறைந்து ஓடே விரிசல் விடும்.

அதனால் முழுக்க சார்ஜ் ஏற்று. ஏற்றிச் சில மணி நேரம் கழித்து மீட்டரில் 12.6 வோல்ட்டாவது காட்ட வேண்டும். பிறகு நெகட்டிவ் வயரைக் கழற்றி வை. எப்போதும் நெகட்டிவ்தான் முதலில். பாசிட்டிவில் ஸ்பேனர் வைத்திருக்கும்போது கை தவறி அது பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். கழற்றுவதற்கு முன்னால் ரேடியோவுக்குக் கோட் இருந்தால் குறித்துக்கொள். சாவிக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவி கதவைத் திறக்கிறதா என்றும் பார். கரண்ட் இல்லாதபோது ரிமோட் வேலை செய்யாது. நிறுத்துகிற இடத்தில் பிளக் பாயின்ட் இருந்தால் இந்த வம்பெல்லாம் வேண்டாம், தானாக நிறுத்தி நிறுத்தி ஏற்றும் சார்ஜரை மாட்டிவிட்டுப் போ. சாதா சார்ஜரை மட்டும் மாதக்கணக்கில் விடாதே.

பெட்ரோல் டேங்கை நிரப்பிவிட்டுப் போ. காலி இடம் இருந்தால் அங்கே காற்றிலுள்ள ஈரம் படியும், எத்தனால் கலந்த பெட்ரோல் அந்த ஈரத்தைக் குடித்துக்கொள்ளும். பெட்ரோல் கெடாமல் இருக்க ஊற்றுகிற ஸ்டெபிலைசர் வாங்கினால் அதை முதலில் ஊற்றி, மேலே பெட்ரோல் நிரப்பி, கால் மணி நேரமாவது ஓட்டு. டேங்கில் மட்டும் கலந்து, எஞ்சினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கிற இன்ஜெக்டர் வரை போகாவிட்டால் வாங்கியதே வீண். ஆயில் மாற்ற நாள் நெருங்கியிருந்தால் திரும்பி வந்து மாற்றலாம் என்று தள்ளாதே. ஓடிக் கறுத்த ஆயிலில் அமிலமும் ஈரமும் இருக்கும், நாலு மாதம் அதிலேயே எஞ்சின் ஊறக் கூடாது.

கழுவு, ஆனால் கழுவிய கையோடு நிறுத்தாதே. ஒரு சுற்று ஓட்டிப் பிரேக்கெல்லாம் காய்ந்த பிறகு நிறுத்து. ஹேண்ட் பிரேக் போடவே கூடாது, பேட் போய் டிஸ்க்கோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வை. டயரில் வழக்கத்தைவிட நாலைந்து பி.எஸ்.ஐ. கூடுதலாக அடி, டயரில் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்டாமல். மாமா வண்டியையே தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தச் சொல்வார். நாலு மாதத்துக்கு அதெல்லாம் தேவையில்லை, அவரிடம் சரி சரி என்று தலையாட்டிவிடு.

எலிதான் எனக்குப் பெரிய கவலை. சீட்டுக்கு அடியில் நீ சேர்த்து வைத்திருக்கும் பிஸ்கட் தூள், டிஷ்யூ பேப்பர் எல்லாவற்றையும் வாரி எடு; ஒன்று அதற்குத் தீனி, இன்னொன்று மெத்தை. சைலன்சர் வாயிலும் காற்று உள்ளே போகிற குழாயிலும் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை அடை. அடைத்ததைப் பெரிய எழுத்தில் எழுதி ஸ்டீயரிங்கில் கட்டு. விஷம் வைக்காதே. ஏசி குழாய்க்குள் போய்ச் செத்தால் நாற்றம் லேசில் போகாது.

மேலே போடுவது காற்றுப் போகிற துணிக் கவராக இருக்கட்டும். பிளாஸ்டிக் தார்ப்பாய் ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும். ஓடாத வண்டிக்கு எதற்கு என்று இன்ஷூரன்ஸை நிறுத்திவிடாதே, திருட்டுக்கும் தீக்கும் வண்டி ஓட வேண்டியதில்லை.

திரும்பி வந்ததும் சாவியைப் போட்டுத் திருகாதே. முதலில் குனிந்து வண்டிக்கு அடியில் ஏதாவது ஒழுகியிருக்கிறதா பார். கம்பி நாரை எடு, பானெட்டைத் திறந்து வயர்களில் பல் பட்டிருக்கிறதா பார், ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் அளவைப் பார், டயர் காற்றைச் சரிசெய். நெகட்டிவ் வயரைக் கடைசியாக மாட்டு. கட்டையை எடுத்து வாசலுக்குள்ளேயே இரண்டு முறை பிரேக் பிடித்துப் பார். முதல் சில பிரேக்கில் கரகரவென்றால் டிஸ்க்கில் படிந்த துருதான், தேய்ந்து போய்விடும். டயர் தடதடத்தாலும் கொஞ்ச தூரத்தில் சூடேறிச் சரியாகும். பெடல் மெத்தென்று கீழே இறங்கினால் மட்டும் வண்டியை ரோட்டுக்கு எடுக்காதே, மெக்கானிக்கை வீட்டுக்கு வரச்சொல்.

அந்தப் பையனுக்கு ஏதாவது வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்றால், மாதம் ஒருமுறை கவரைத் தூக்கி எலிப் புழுக்கை கிடக்கிறதா என்று பார்க்கச் சொல்.

அன்புடன்,
அம்மா